செய்தியும் ஒரு சாட்சியமே

  

பக்தாதையோ காஸாவையோ நேரில் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் அங்கு நடந்த யுத்தங்களைப் பற்றி நமது ஒவ்வொரு வீட்டிலும் உறுதியான அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது. அது நமது கண்கள் கண்டறிந்ததல்ல. எங்கோ ஒருவர் கண்டு, வேறொருவர் எழுதி, மற்றுமொருவர் சுருக்கி, இன்னொருவர் மொழிபெயர்த்து, இறுதியில் நமது வானொலிப் பெட்டியையும் கைத்தொலைபேசியையும் வந்தடைந்த ஒன்றாகும். இந்த நீண்ட பாதையில் ஒவ்வொரு கையும் எதையாவது கூட்டியிருக்கலாம், எதையாவது குறைத்துமிருக்கலாம்.

"மேற்குலக ஊடகங்கள் பொய் சொல்கின்றன" என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுவது இலகுவானது. அவ்வாறு கூறுபவரே, தனக்குப் பிடித்தமான மற்றொரு செய்தி வந்ததும் எவ்வித விசாரணையுமின்றி அதனை நம்பிவிடுவதையும் நாம் காண்கிறோம். எனவே, குறை கூறுவதோடு நின்றுவிடாமல், ஒரு செய்தி எவ்வாறு ஒரு பக்கம் சாய்கிறது, அச்சாய்வை நாம் எவ்வாறு கண்டுகொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். இதற்கு ஈராக் யுத்தங்களையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக் கொள்கிறோம். ஏனெனில், அன்று சொல்லப்பட்டவை பிற்காலத்தில் சோதிக்கப்பட்டு, உண்மை எது, பொய் எது என்பது பகிரங்கமாகிவிட்டது.

நமது கையிலுள்ள அளவுகோல்

ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம், நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டு வந்தால் அதனைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு, பின்னர் கைசேதப்படும் நிலை ஏற்படக் கூடாது என்ற காரணத்தையும் அதுவே கூறுகிறது. இவ்வசனத்தின் பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் பலவும் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகின்றன. பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத்தைப் பெற்றுவர அனுப்பப்பட்ட ஒருவர் இடைவழியில் திரும்பி வந்து, அவர்கள் ஸகாத் தர மறுத்துத் தன்னைக் கொல்ல முனைந்ததாக அறிவித்தார். உண்மையில் அம்மக்கள் அவரை வரவேற்கவே புறப்பட்டு வந்திருந்தனர். ஒரு தவறான தகவல், ஒரு முழுக் கோத்திரத்தின் மீதும் யுத்தத்தைக் கொண்டுவந்திருக்கும். விசாரணையே அதனைத் தடுத்தது.

இந்த அடிப்படையில் எழுந்ததே ஹதீஸ் கலையாகும். ஓர் அறிவிப்பு கிடைத்ததும் முஹத்திஸீன்கள் அதன் கருத்து தமக்கு உவப்பானதா என்று முதலில் பார்க்கவில்லை. அதனை அறிவிப்பவர் யார்? அவர் நேரில் கண்டாரா அல்லது கேள்விப்பட்டாரா? இடையில் எவரேனும் விடுபட்டுள்ளனரா? அவரது நேர்மையும் ஞாபகசக்தியும் எத்தகையவை? இவ்வாறு வினவினார்கள். அறிவிப்பாளர் இன்னாரென்று அறியப்படாவிட்டால் அவரை 'மஜ்ஹூல்' என ஒதுக்கி வைத்தார்கள். ஹதீஸுக்கு இருக்கும் அந்தஸ்து பத்திரிகைச் செய்திக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் அக்கேள்விகள் எந்தச் சாட்சியத்துக்கும் பொருந்தக் கூடியவை.

பெயர் மறைக்கப்பட்ட சாட்சி

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி சதாம் ஹுஸைனின் படைகள் குவைத்தை ஆக்கிரமித்தன. அங்கு தொழில் புரிந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர்களும் அனைத்தையும் இழந்து பாலைவன வழியாகத் திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவொன்றின் முன்னிலையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி தோன்றினாள். 'நய்யிரா' என்ற முதற்பெயர் மாத்திரமே கூறப்பட்டது. ஈராக்கியப் படையினர் குவைத் வைத்தியசாலையொன்றினுள் புகுந்து, குறைமாதக் குழந்தைகளை வெப்பப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்துக் குளிர்ந்த தரையில் இறக்கவிட்டதைத் தான் கண்டதாக அவள் அழுதவண்ணம் கூறினாள்.

அக்காட்சி தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகியது. ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் (தந்தை) அதனைப் பல தடவைகள் எடுத்துரைத்தார். செனட் சபையிலும் அது எடுத்துக்காட்டப்பட்டது. 1991 ஜனவரி 12ஆம் திகதி யுத்தத்துக்கான அனுமதி அச்சபையில் 52க்கு 47 என்ற சொற்ப வாக்குகளால் நிறைவேறியது. மனித உரிமைத் துறையில் மதிக்கப்படும் சர்வதேச மன்னிப்புச் சபையும் அக்குற்றச்சாட்டைத் தனது அறிக்கையில் சேர்த்து, பின்னர் 1991இல் வாபஸ் பெற்றது.

யுத்தம் முடிந்து ஏறத்தாழ ஓராண்டின் பின்னர், 1992 ஜனவரியில், ஜோன் மெக்ஆர்தர் என்ற அமெரிக்க எழுத்தாளர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் உண்மையை வெளியிட்டார். அச்சிறுமி, அமெரிக்காவிற்கான குவைத் தூதுவரின் மகள். அச்சாட்சியத்தை ஏற்பாடு செய்தது, குவைத் அரசின் நிதியில் இயங்கிய ஓர் அமைப்புக்காக ஊழியம் பார்த்த 'ஹில் அன்ட் நோல்டன்' என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். பின்னர் குவைத் வைத்தியசாலைகளில் விசாரித்தவர்களால் அக்கதையை உறுதிப்படுத்த இயலவில்லை.

இங்கு இரு படிப்பினைகள் உள்ளன. முதலாவது, அச்சாட்சி யார் என்ற கேள்வியை ஊடகங்கள் உரிய வேளையில் அழுத்திக் கேட்டிருப்பின் அன்றே விடை கிடைத்திருக்கும். கண்ணீர், கேள்வியை மூடிவிட்டது. இரண்டாவது, ஈராக்கியப் படைகள் குவைத்தில் கொலை, சித்திரவதை, கொள்ளை ஆகியவற்றைப் புரிந்தமை உண்மையே. உண்மையான அநியாயம் அருகிலிருக்கும்போது பொய்யும் இலகுவில் நம்பப்படுகிறது.

ஒரே ஊற்று, பல வாய்கள்

ஹதீஸ் மாணவர் அனைவருக்கும் தெரிந்த விடயம் ஒன்றுண்டு. ஓர் அறிவிப்பு பத்து நூல்களில் காணப்படலாம். ஆனால் பத்து வரிசைகளும் ஒரே நபரிடம் போய்ச் சேர்ந்தால், அது பத்துச் சாட்சியங்களல்ல, ஒரு சாட்சியமே.

2002 செப்டெம்பர் 8ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் தனது முதற்பக்கத்தில், ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்கானவை என்ற செய்தியை வெளியிட்டது. பெயர் குறிப்பிடப்படாத அரச அதிகாரிகளே அதன் மூலம். அதே தினம் உப ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, அப்பத்திரிகையின் செய்தியையே தனது வாதத்துக்குத் துணையாகச் சுட்டிக்காட்டினார். அரசாங்கம் பத்திரிகையின் காதில் கூறியது; பத்திரிகை அதனை உலகிற்குக் கூறியது; பின்பு அரசாங்கம் பத்திரிகையை ஆதாரமாக்கியது. பார்ப்பவருக்கு இரு சாட்சிகள், உண்மையில் ஒருவரே.

2003 பெப்ரவரி 5ஆம் திகதி வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் ஆற்றிய உரையும் இவ்வகையினதே. அவ்வுரையை ஒட்டிய இரண்டு வார காலத்தில், அமெரிக்காவின் நான்கு தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளில் ஈராக் விடயமாகத் தோன்றியோரை, 'ஃபெயார்' என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. மொத்தம் 393 பேரில் 267 பேர் அமெரிக்கர்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பதவியிலிருந்த அல்லது ஓய்வுபெற்ற அதிகாரிகள். யுத்த எதிர்ப்பு அமைப்புகளைச் சார்ந்தோர் மூவர் மாத்திரமே. இங்கு எவரும் பொய்யை எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை. யாரிடம் கேட்பது என்ற தெரிவிலேயே சாய்வு நிகழ்ந்துவிட்டது.

இதே காலத்தில், அக்குழாய்கள் அணுத் தேவைக்கு உரியவையாகத் தென்படவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் தலைவர் முஹம்மத் அல்பராதி 2003 மார்ச் 7ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் தெரிவித்தார். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் பெற முயன்றதாகக் காட்டப்பட்ட கடிதங்கள் போலியானவை என்றும் அவர் அங்கு கூறினார். அதற்குப் பதின்மூன்றாம் நாள் யுத்தம் ஆரம்பமாகியது. அமெரிக்கா நியமித்த ஆய்வுக் குழுவே 2004இல், ஈராக்கில் அத்தகைய ஆயுதக் கையிருப்பு இருக்கவில்லை என அறிக்கையிட்டது.

2004 மே 26ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் தனது ஈராக் செய்திகள் போதிய கண்டிப்புடன் எழுதப்படவில்லை என்பதை ஏற்றுக் கொண்டது. குற்றச்சாட்டு முதற்பக்கத்தில் வந்தது. திருத்தம் பத்தாம் பக்கத்தில் வந்தது. அதற்கிடையில் ஒரு நாடு சிதைந்துவிட்டது.

இங்கு நீதியுடன் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. 'நைட் ரிடர்' என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் வொரன் ஸ்ட்ரோபல், ஜொனதன் லண்டே ஆகியோர், உயர் பதவியினரை மாத்திரம் நம்பியிராமல் கீழ்மட்ட அதிகாரிகளிடமும் நிபுணர்களிடமும் விசாரித்து, அரசின் வாதங்களில் ஓட்டைகள் இருப்பதை யுத்தத்துக்கு முன்னரே எழுதினர். நய்யிரா விவகாரத்தை வெளிக்கொணர்ந்தவரும் அமெரிக்கரே. "அவர்கள் அனைவரும் ஒரே மாதிரி" என்று கூறுவது உண்மைக்கு மாறானது.

கெமராவின் சட்டகம்

2003 ஏப்ரல் 9ஆம் திகதி பக்தாதின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் சதாமின் சிலை வீழ்த்தப்பட்ட காட்சியை உலகம் முழுவதும் கண்டது. ஒரு நகரமே திரண்டு வந்து சிலையை வீழ்த்தியது போன்று அது தோன்றியது. ஆனால் தூரத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே காணப்படுகிறது. சிலையை இழுத்து வீழ்த்தியது அமெரிக்க மரைன் படையினரின் கனரக வாகனம். வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் தங்கியிருந்த பலஸ்தீன் ஹோட்டல் அச்சதுக்கத்திற்கு நேர் எதிரே இருந்தது. அங்கு மகிழ்ந்த ஈராக்கியர்கள் இருக்கவில்லை என்பதல்ல. சதாமின் கொடுமைக்குள்ளான பலர் உண்மையாகவே மகிழ்ந்தனர். ஆயினும், சட்டகத்துக்கு உள்ளே இருந்தது உண்மை. சட்டகமோ உண்மையின் அளவை மாற்றிவிட்டது.

அந்த யுத்தத்தின்போது 600க்கும் மேற்பட்ட ஊடகவியலாளர்கள் படைப்பிரிவுகளுடன் இணைந்து பயணித்தனர். படையினரின் உணவை உண்டு, அவர்களின் பாதுகாப்பில் உறங்கி, அவர்களின் வாகனத்திலிருந்து எழுதினர். குண்டு புறப்படும் இடத்தை அவர்களால் காண முடிந்தது. அது விழும் வீட்டைக் காண்பது அரிது. காஸாவில் 2023 ஒக்டோபரில் ஆரம்பமான யுத்தத்தின்போதோ, வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் சுயமாக உள்ளே செல்வதற்கு இஸ்ரேல் அனுமதி மறுத்து, தனது இராணுவத்துடன் மாத்திரம் அழைத்துச் சென்றது. உள்ளே இருந்து செய்தி அனுப்பிய பலஸ்தீன ஊடகவியலாளர்களில் பெரும் எண்ணிக்கையினர் கொல்லப்பட்டனர். ஆகவே ஒரு செய்தியைப் பார்க்கும்போது, கெமரா எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எப்பக்கம் செல்ல அதற்கு அனுமதியில்லை என்பதைக் கவனியுங்கள்.

வினைச்சொல்லில் மறையும் குற்றவாளி

சொற்களிலும் சாய்வு உண்டு. "குண்டு வெடித்ததில் பத்துப் பேர் பலி" என்ற வாக்கியத்தையும், "இன்ன நாட்டின் விமானம் வீசிய குண்டினால் பத்துப் பேர் கொல்லப்பட்டனர்" என்ற வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் குண்டு தானாகவே வெடிக்கிறது. மக்கள் தாமாகவே இறக்கின்றனர். ஒரு தரப்பினர் "கொல்லப்பட்டனர்" என்றும், மறு தரப்பினர் "உயிரிழந்தனர்" என்றும் ஒரே பக்கத்தில் எழுதப்படுவதையும் காண்பீர்கள்.

பெயர்ச்சொற்களும் அவ்வாறே. மேற்குக்கரையில் இஸ்ரேல் எழுப்பியதை ஒருவர் 'பாதுகாப்பு வேலி' என்பார். மற்றவர் 'சுவர்' என்பார். சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9ஆம் திகதி வழங்கிய ஆலோசனைக் கருத்தில் 'சுவர்' என்ற சொல்லையே கையாண்டு, ஆக்கிரமிக்கப்பட்ட பலஸ்தீன நிலத்தில் அதனை அமைப்பது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்றது. நமது தமிழ்ப் பத்திரிகைகளும் வானொலிகளும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதியை ரொய்ட்டர்ஸ், ஏஎஃப்பி போன்ற முகவர் நிலையங்களிடமிருந்து பெறுகின்றன. மொழி மாறினாலும் அச்சொற்களின் சாய்வு நம் மொழிக்குள்ளும் வந்துவிடுகிறது.

நமக்குப் பிடித்தமான பொய்

இதுவரை கூறியவற்றை வாசிக்கும்போது உங்கள் உள்ளம் உடன்பட்டிருக்கும். இனிக் கூறப் போவதே சிரமமானது.

2003 ஏப்ரலில் ஈராக்கின் தகவல் அமைச்சர் முஹம்மத் ஸயீத் அஸ்ஸஹ்ஹாஃப் தினந்தோறும் ஊடகவியலாளர்கள் முன்னிலையில் தோன்றி, அமெரிக்கப் படைகள் முறியடிக்கப்படுவதாகக் கூறினார். அமெரிக்கத் தாங்கிகள் பக்தாதினுள் புகுந்த பின்னரும் அங்கு எவருமில்லை என்றார். அதனை நம்பியிருந்த பலர், ஓரிரு தினங்களில் பக்தாத் வீழ்ந்ததும் திகைத்துப் போயினர். அவர் கூறியது அவர்கள் கேட்க விரும்பியதாக இருந்தது. அதுவே அவரது சாட்சியத்துக்கு இருந்த ஒரே பலம்.

மற்றுமோர் உதாரணம். 2004 மே 1ஆம் திகதி பிரித்தானியாவின் டெய்லி மிரர் பத்திரிகை, குயின்ஸ் லங்காஷயர் படைப்பிரிவினர் ஈராக்கியக் கைதி ஒருவரை வதைப்பதாகக் கூறும் படங்களைப் பிரசுரித்தது. அவை போலியானவை, படத்திலிருந்த வாகன வகை ஈராக்குக்கு அனுப்பப்படவே இல்லை. அம்மாதம் 14ஆம் திகதி பத்திரிகை மன்னிப்புக் கோரியது. அதன் ஆசிரியர் பதவியிழந்தார். ஆனால் அதற்கு முன்னரே, 2003 செப்டெம்பரில், பஸ்ராவில் அதே படைப்பிரிவின் காவலில் ஹோட்டல் ஊழியரான 26 வயதுத் தந்தை ஒருவர் உண்மையாகவே அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவரது உடலில் 93 காயங்கள் இருந்ததை 2011இல் வெளியான பகிரங்க விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. உண்மை அவ்வளவு கொடியதாக இருக்கையில் போலிப் படத்துக்கு என்ன தேவை? அநியாயம் செய்தவன் "பார்த்தீர்களா, இவர்கள் பொய்யர்கள்" என்று தப்பித்துக் கொள்ளவே போலிப் படம் உதவும். மஸ்லூமின் பெயரால் பரப்பப்படும் பொய், அந்த மஸ்லூமின் சாட்சியத்தையே பலவீனப்படுத்துகிறது.

இன்று இதே தவறு நமது கைத்தொலைபேசிகளில் நிகழ்கிறது. சிரியாவில் எடுக்கப்பட்ட பழைய படங்கள் காஸாவின் படங்களாகப் பகிரப்பட்டன. கணினி விளையாட்டொன்றின் காட்சிகள் உண்மையான யுத்தக் காட்சிகளாக இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தன. இவற்றைப் பகிர்ந்தோரில் நல்லெண்ணம் கொண்டவர்களே அதிகம். ஆயினும், கேட்பதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நல்லெண்ணம் பொய்யை உண்மையாக்குவதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாகப் பரவிய பொய்யினால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. விசாரிக்காத செய்தியின் வேதனையை அனுபவித்த சமூகம், விசாரிக்காத செய்தியைப் பரப்பலாமா?

நமது மௌனத்திலும் சாய்வு உண்டு. 2023 ஏப்ரல் 15ஆம் திகதி சூடானில் இரு படைகளுக்கிடையே மூண்ட யுத்தத்தினால் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடுகளை இழந்தனர். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்களே. நமது வீடுகளில் அதைப் பற்றி எத்தனை தடவை பேசப்பட்டது? எதிரி வெளியாராக இருக்கும்போது மாத்திரம் நமது கண்ணீர் வருமாயின், நாமும் செய்தியைத் தெரிவு செய்தே பார்க்கிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்று ஸூரதுல் மாஇதாவின் 8ஆவது வசனம் போதிக்கிறது. நமக்கே எதிரானதாயினும் உண்மைச் சாட்சியம் கூறுமாறு ஸூரதுன் நிஸாவின் 135ஆவது வசனம் பணிக்கிறது. இவ்விரண்டும் ஊடகவியலாளருக்கு மட்டுமல்ல, ஒரு செய்தியை முன்னனுப்பும் விரலுக்கும் உரியவையாகும்.

நாம் செய்ய வேண்டியவை

இளைஞர்களே! ஒரு யுத்தச் செய்தி உங்களை அடைந்ததும், இதைக் கூறியவர் யார், அவர் அங்கு இருந்தாரா என்று முதலில் வினவுங்கள். பல இடங்களில் வந்திருந்தால், அவை வெவ்வேறு மூலங்களா அல்லது ஒரே முகவர் நிலையத்தின் செய்தியா என்று பாருங்கள். படமாயின், எப்போது, எங்கு எடுக்கப்பட்டது என்பதை இணையத்தில் படத்தைக் கொண்டே தேடி அறியும் வசதி இன்று உண்டு. ஒரே சம்பவத்தை இரு நாடுகளின் ஊடகங்களில் ஒப்பிட்டு, ஒன்று கூறி மற்றொன்று விட்டதைக் குறித்துக் கொள்ளுங்கள். அல்ஜஸீராவாயினும் பிபிசியாயினும், அதற்கு நிதி வழங்குபவர் யார் என்பதை மனதிற் கொள்ளுங்கள். உங்களைக் கடும் கோபத்துக்கு உள்ளாக்கும் செய்தியை உடனே பகிராது ஒரு நாள் தாமதியுங்கள். உண்மையாயின் அது மறுநாளும் உண்மையாகவே இருக்கும்.

பெற்றோர்களே! பிள்ளைகளிடமிருந்து செய்தியை மறைப்பதால் பயனில்லை. அவர்கள் வேறெங்காவது காண்பர். சிதைந்த உடல்களின் காட்சிகளைச் சிறு பிள்ளைகளின் முன்னால் ஓட விடாதீர்கள். வளர்ந்த பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு செய்தியை ஒன்றாக வாசித்து, "இதனை எவர் கண்டார்?" என்று அவர்களையே கேளுங்கள். உங்கள் மகன் அநியாயத்தைக் கண்டு கோபமுறுவது குற்றமல்ல. அது உயிருள்ள ஈமானின் அடையாளம். ஆனால் அக்கோபம் ஒரு பொய்யின் மீது கட்டப்பட்டிருந்தால், நாளை எவரோ ஒருவர் அதனைத் தனது தேவைக்குப் பயன்படுத்துவார். பொய்யென அறியவரும் நாளில் அவன் உண்மையான அநியாயத்தையும் சந்தேகிக்கத் தொடங்குவான். இவ்விரண்டு இழப்புகளிலிருந்தும் அவனைக் காப்பது, சாப்பாட்டு வேளையில் நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியாக இருக்கலாம்.

தூரத்திலுள்ள மஸ்லூம்களுக்கு நம்மால் செய்யக் கூடியவை சொற்பமே. துஆ, இயன்ற உதவி, அவர்களைப் பற்றிய உண்மையான சாட்சியம். முதலிரண்டிலும் நாம் குறைந்த அளவேனும் பங்கேற்கிறோம். மூன்றாவதில் அவர்களுக்குத் துரோகமிழைக்காதிருப்போமாக!

வல்ல அல்லாஹ், உண்மையை உண்மையாகக் கண்டு அதனைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதனைத் தவிர்ந்து கொள்ளவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.